பொருள்: பழி வாங்குதல் தொடர்பாக

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு மனிதரை முறைப்படி சண்டைக்கு அழைத்தேன். ஆயுதத்தோடு, கையில் கடிதத்தோடு, அவர் வேலை செய்யும் இடத்தின் வாசலில் போய் நின்று அழைத்தேன். அதற்காக இன்றுவரை ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமாவின் பெட்டி. அம்மாவின் தம்பியான அவர், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரீஸ் பக்கம் போய்ச் சேர்ந்தவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார். அந்த வருடம் அவருடைய மகன் படித்துத் தூக்கிப்போட்ட புத்தகங்கள் பதினொன்றைக் கொண்டுவந்தார். “படிக்கட்டும், பிரெஞ்சு நல்லா வரும்” என்றார். பள்ளியில் நான் பிரெஞ்சு எடுத்திருந்தேன், மதிப்பெண்தான் வரவில்லை. அப்பா அந்தப் புத்தகங்களைப் பிரித்துப் பார்க்காமலே சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே பக்கத்துக்கு ஒரு தலை உருண்டுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அத்தனையும் ஜப்பான் நாட்டு வாள்வீரர்களின் கதைகள். பாதி படம், பாதி எழுத்து. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னால் வரவேண்டும் என்று தெரியவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை, செத்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து சோறு தின்பதை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காகப் படித்தேன். வாள், மானம், பழி ஆகிய மூன்றும்தான் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் பிரெஞ்சுச் சொற்கள்.

அந்த வீரர்கள் கடைப்பிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பழி வாங்கப் போகிறவன் முதுகில் குத்தமாட்டான். எதிரியின் முகத்துக்கு நேரே நின்று தன் பெயரையும், தான் யார் பிள்ளை என்பதையும், எதற்காக வந்திருக்கிறான் என்பதையும் சொல்வான். எதிரி வாளை உருவும்வரை காத்திருப்பான். ஒரு கதையில் என் வயதுப் பெண் ஒருத்தி, தன் அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் பனியில் மாதக்கணக்கில் நடந்தாள். அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மா எங்கள் ஊர் ஓரத்துத் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்பு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு நாள் சாயங்காலம் வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டு முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் தணிந்த குரலில் சொன்னாள். எனக்கும் கேட்டது. வேலை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது சூப்பர்வைசர் அவளை மட்டும் நிறுத்தி, சோப்பு திருடியதாகச் சொல்லி, பையைப் பிடுங்கி அத்தனை பேர் முன்னாலும் தரையில் கவிழ்த்திருக்கிறார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை எல்லாம் விழுந்திருக்கின்றன. சோப்பு விழவில்லை. “சரி, பொறுக்கிக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

“வேலய வுட்டுடு” என்றார் அப்பா.

“நான் எதுக்கு வுடணும்?” என்றாள் அம்மா. மறுநாள் காலை அதே பையில் அதே டப்பாவை வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நான் படித்த கதைகளில் அவமானப்பட்ட யாரும் மறுநாள் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு அதே வாசலுக்குப் போனதில்லை. அம்மாவுக்கு மானம் இல்லை என்று முடிவு கட்டினேன். வீட்டில் யாராவது ஒருவருக்காவது அது இருக்கவேண்டும் என்றும் தோன்றியது.

கடிதம் எழுதினேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுதான் தெரியும் என்பதால் அப்படியே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், ‘பொருள்: பழி வாங்குதல் தொடர்பாக’. அதற்குக் கீழே ‘மதிப்பிற்குரிய ஐயா’. என் அம்மாவின் பையைக் கொட்டியதற்காகத் தாங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்பு கேட்கவேண்டும், தவறினால் என்னோடு சண்டைக்கு வரவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டேன். ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடித்தபோது ஏதோ இடித்தது. ‘கீழ்ப்படிதலுள்ள’ என்பதை மட்டும் அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. எதிர்வீட்டுப் பையன்களின் கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்றை எடுத்து, பழைய துப்பட்டாவால் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்கள் நெல்லித்தோப்பில் பஸ் ஏறினேன்.

“மேட்ச் எங்க பாப்பா?” என்றார் கண்டக்டர்.

“மேட்டுப்பாளையத்துல” என்றேன். அது பொய் என்று நான் நினைக்கவில்லை.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கடிதத்தை வாங்கிப் படித்தார். முதல் வரியில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த டப்பா உருண்டு என் கால்கிட்டதான் வந்து நின்னுச்சு” என்றார். என்ன நினைத்தாரோ, கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சூப்பர்வைசர் கடிதத்தோடு வெளியே வந்தார். மலைபோல் ஒருவரை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, படிய வாரிய தலையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக, எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஸ்டம்பை உருவி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். என் பெயரைச் சொன்னேன். யார் பிள்ளை என்று சொல்வதற்குள் சங்கு ஊதி, வேலை முடிந்த பெண்கள் கூட்டமாக வெளியே வந்துவிட்டார்கள்.

“யாரு பெத்த பொண்ணு இது?” என்று அவர் கத்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள், ஸ்டம்பைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் வெளுக்கவில்லை.

“நான் பெத்த பொண்ணுதான் சார்.”

“மன்னிப்பு கேக்கச் சொல்லு. இல்லன்னா திங்கக்கெழம கேட்டுக்குள்ள கால வெக்காத.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “கேக்குறியா?”

“மாட்டேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். “மாட்டாளாம் சார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் அம்மாவின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அம்மா நகரவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி, அவர் காலடியில் தானே கவிழ்த்தாள். “பாத்துக்குங்க சார்” என்றாள்.

அம்மாவோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் அத்தை ஒருத்தி, எங்களுக்கு அடுத்த தெருக்காரி, முன்னால் வந்து தன் பையையும் கவிழ்த்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு நாலைந்து பேர் சேர்ந்தாற்போல். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க டப்பாக்களும் கொண்டை ஊசிகளும் மாத்திரை அட்டைகளும் பாதி தின்ற கொய்யாப்பழமுமாகக் கிடந்தன. பிள்ளைக்கு வாங்கிய கலர் பென்சில் டப்பா ஒன்று திறந்து சிதறியிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“எங்களயும் செக் பண்ணுங்க சார். பண்ணிட்டு நீங்களே எடுத்து வையுங்க” என்றாள் அத்தை.

சூப்பர்வைசர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு மேனேஜர் இறங்கி வந்தார். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். மேனேஜர் குனிந்து அம்மாவின் டப்பாவை எடுத்துத் தூசி தட்டிக் கையில் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து பைகளை ஒரு பெண்தான் பார்ப்பார், எல்லோருடைய பையையும் பார்ப்பார் என்றார். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. சண்டையும் நடக்கவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். மூன்று மாதம் கழித்து சூப்பர்வைசர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அம்மா அங்கேயே ஆறு வருடம் இருந்துவிட்டு, தனக்குத் தோன்றியபோது நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். தனியாக பஸ் ஏறியதற்காம்.

“புள்ளய வுடு” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை. “அன்னிக்கி ஸ்டோர் ரூம்ல நீ குடுத்தியே, அதுக்குத்தான் அவன் பையக் கொட்டினான். எல்லாருக்கும் தெரியும்.”

“புள்ள இருக்குது” என்று அம்மா கண்ணைக் காட்டினாள்.

நான் விடவில்லை. “அவனுக்கு என்னம்மா குடுத்த?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவன் கேட்டதுக்கு என்ன குடுக்கணுமோ அதக் குடுத்தேன்.”

“திருப்பி வாங்கிட்டியா?”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் உதடும் கொஞ்சம் துடித்தது. “வாணாம், அவனே வெச்சிக்கட்டும்” என்றாள்.

அவள் கொடுத்தது கன்னத்தில் ஓர் அறை என்று எனக்குப் புரிய, எனக்கென்று ஒரு வேலையும், அங்கே அவரைப் போலவே ஒரு மேலதிகாரியும் வரவேண்டியிருந்தது. பை கவிழ்ந்ததுதான் கதையின் தொடக்கம் என்று எண்ணி நான் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். உண்மையில் பழி வாங்கியவர் சூப்பர்வைசர்தான். அம்மா தன் சண்டையை அதற்கு முன்பே, முகத்துக்கு நேரே நின்று, ஆயுதம் இல்லாமல் போட்டு முடித்திருந்தாள்.

அன்றைக்கு இதில் எதுவும் எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஆளுக்குப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கக்கூடத் தைரியம் இல்லாமல் வருகிறாளே என்று எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம். நெல்லித்தோப்பு வரும்வரை அவளோடு நான் பேசவே இல்லை.