ஏகாம்பரத்துக்காக நான் பேசியிருக்க வேண்டும்

ஏகாம்பரம் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் ஆரணி பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் முள்ளிப்பட்டு ஆள் ஒருவர் சொன்னார். அவனை வேலூர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, நெய்த சேலையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்தவன் நான்.

நெசவாளர் சங்க மலருக்கு இதைக் கேட்டவர்கள், அவனை ‘அவர்’ என்று எழுதச் சொன்னார்கள். ஒன்றாகத் தறி நெய்து, ஒன்றாகச் சண்டை போட்டவனை என்னால் அப்படி எழுத முடியாது.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் தறியைப் பற்றியும் தெரியும். வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டான், தம்பியைக்கூட. நூலை அடித்து நெருக்கும் கையடி ஆளுக்கு ஆள் மாறும். பாதியில் கை மாறினால் சேலையில் கோடு விழுந்துவிடும். 1970களில் அவன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது, பாதியில் நின்ற கல்யாணச் சேலையை முடிக்க என்னைத்தான் உட்கார வைத்தான். “என் சேலைல உக்காந்தா என் அடிதான் அடிக்கணும். உன் கை சொல்றத கேக்காத” என்றான். அவனைத் திட்டிக்கொண்டேதான் நெய்தேன். கை மாறிய இடம் முதலாளிக்குத் தெரியவே இல்லை.

பிறகு சர்க்கரை வியாதி வந்தது. காலில் புண் ஆறாமல் இருந்த சமயம், கூலி வாங்கப் போன இடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “எனக்கு நெனப்பு தப்பிடுச்சின்னா, ஆஸ்பத்திரில இன்னா செய்யணும்னு இவன்தான் சொல்லணும். என் தம்பி நல்லவன், அழுவான். இவன் வாய்க்காரன், டாக்டர்கிட்டயே சண்ட போடுவான்.” எல்லாரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மீதியையும் சொன்னான்.

“கால எடுக்கணும்னா எடுக்கச் சொல்லிடு. தறில உக்கார முடியாது, அவ்ளோதானே? உக்காந்த எடத்துல பாவு நூல பிணைச்சிகினு கெடப்பேன். என்னை உசுரோட ஊட்டுக்கு இட்டாந்துடு.”

“சரிடா, பேஜார் பண்ணாத” என்றேன்.

சொன்னபடியே, கால் புண் முற்றி, ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தான். விஷம் மேலே ஏறுவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், யார் முடிவு சொல்வது என்று டாக்டர் கேட்டார். சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த தம்பி தணிகாசலம், “நெய்யறவனுக்கு காலு இல்லன்னா அப்பறம் இன்னாங்க கீது? இன்னும் கொஞ்சம் மருந்து குடுத்துப் பாருங்க” என்று அழுதான். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரர், கண்டக்டர் என்று ஊரையே வம்புக்கு இழுக்கும் என் வாய் அன்று திறக்கவில்லை. கூடப் பிறந்தவன் பேசும்போது நான் குறுக்கே போகலாமா என்று மரியாதை பார்த்தேன். அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். தறிக்குழியில் மிதிக்கக் கால் இல்லாத ஏகாம்பரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு வேண்டாததை அவனுக்கும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டேன். தணிகாசலத்தைக் குறை சொல்லாதீர்கள். அண்ணன் மனசு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள், இனிமேல் எடுத்தும் பயனில்லை என்றார் டாக்டர். அதற்குமேல் அங்கே நிற்கத் தைரியமில்லாமல்தான், சேலையைச் சாக்கு வைத்து ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

காரியம் முடிந்த பிறகு சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கால எடுத்தாலும் பரவால்லன்னு எங்கிட்டயும் சொல்லிகினுதாண்ணா இருந்தாரு. நீங்க பேசாம நின்னீங்க. உங்ககிட்ட மாத்தி ஏதோ சொல்லி வச்சிருக்காரு போலன்னு நானும் வாய மூடிகினேன்” என்றார்.

அவன் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவன் பொருள் எதையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவனுக்காகப் பேசும் உரிமையை எல்லார் முன்னாலும் எனக்குக் கொடுத்தான். அது என்னிடம்தான் இருக்கிறது, ஒருமுறைகூடப் பயன்படாமல்.