கேட்டுவிட்டு இறக்கட்டும்

இன்று காலை அமெரிக்காவிலிருக்கும் மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். முளைத்திருக்கும் முதல் பல்லைக் காட்ட, பேத்தி வாயைத் திறந்தாள்.

அத்துடன் படம் நின்றுவிட்டது. டேட்டா கார்டில் இந்த மாதத்துக்கான டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டதாகத் திரையில் வந்தது.

நான்தான் எதையோ தவறாக அழுத்தியிருப்பேன் என்ற பயத்தோடு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜோகுபாளையத்தில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண் கேட்டார்: "வீட்ல வேற யாரு சார் யூஸ் பண்றாங்க?"

"யாரும் இல்லைம்மா. நான் மட்டும்தான்."

"அப்போ இதுவேதான் தின்னிருக்கு. உங்களைக் கேக்காமலே அப்டேட்டெல்லாம் டவுன்லோட் பண்ணிட்டிருக்கு. சுத்தமா ஆஃப் பண்ணிடட்டா?"

திரையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். இறக்குவதற்கு முன் என்னைக் கேட்கும்படி வைக்கவும் ஒரு வழி இருந்தது.

"இப்படி வைக்கலாமாம்மா?"

கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்: "பேடா சார், வேணாம்! தினம் கேட்டுக் கேட்டே உயிரை வாங்கிடும்."

"கேக்கட்டும்மா."

அவர் சிரித்துவிட்டு அப்படியே வைத்தார். கூடுதல் டேட்டாவும் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அதற்குள் அங்கே குழந்தை தூங்கிவிட்டது. இனி அடுத்த ஞாயிறுதான்.

மதியத்திலிருந்து லேப்டாப் இரண்டு முறை கேட்டுவிட்டது, இப்போது இறக்கலாமா என்று. இரண்டு முறையும் நன்றாக யோசித்து, பிறகு பார்க்கலாம் என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் அது என்னைக் கேட்காது அல்லவா! நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?