பாப்பா போட்ட சிவப்புக் கோடு

குடும்பத்தில் அவளுக்குப் பேர் பாப்பா. வயது நாற்பத்து நாலு. தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு பிள்ளைகள், சொந்தமாக ஒரு பட்டறை, அதில் மூன்று வண்டி நிற்க இடம். எல்லாம் இருந்து என்ன? அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்குப் பதினொரு வயது. அன்றைக்குப் புது மாப்பிள்ளையாக வந்த அத்தான், "என்ன பாப்பா, எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டார். அத்தானைப் பொறுத்தவரை அவள் இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள்.

வெளியில் அவளுக்கு வேறு பேர். 'ஆட்டோமேட்டிக் அக்கா' என்றால் சுற்றுவட்டாரத்து டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். கியர் தானாக மாறுகிற வண்டியைக் கண்டாலே மெக்கானிக்குகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்த காலத்தில், பழைய இரும்புக் கடையிலிருந்து செத்துப்போன ஒரு கியர்பாக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கியவள் அவள். கட்டிலுக்கு அடியில் பிளேட்டுகள், ஜன்னல் ஓரத்தில் ஸ்பிரிங்குகள். நாலு மாதம் வீட்டில் யாரும் வெறுங்காலோடு நடக்கவில்லை. அவள் புருஷன் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். ஒயர்களோடு மட்டும் மனம்விட்டுப் பேசுகிற ரகம். "சோத்துல மட்டும் ஸ்பிரிங் வராம பாத்துக்க" என்றதோடு சரி. மறுபடி பூட்டி முடித்தபோது ஒரு திருகுகூட மிச்சமில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவாள். சொல்ல வேண்டியதுதானே!

அத்தானிடமும் கியர் தானாக மாறுகிற பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. பதினைந்து வருஷமாக அதை எந்தெந்தப் பட்டறைக்கோ ஓட்டிக்கொண்டு போனாரே தவிர, மச்சினியின் பட்டறை வாசலில் ஒருநாள்கூட நிறுத்தியதில்லை. "நம்ம பாப்பாதான், ஏதோ பட்டறை வெச்சிருக்கா" என்று அவளை வைத்துக்கொண்டே மற்றவர்களிடம் சொல்லுவார். கேட்டால், "குழந்தைக்கு எதுக்குச் சிரமம்?" என்பார். அவளுக்கு அது வலித்தது. அக்காவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை பிக்கப்பின் கியர்பாக்ஸ் உயிரை விட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. மூன்று பட்டறைக்காரர்கள் பார்த்துவிட்டு, எடைக்குப் போடச் சொன்னார்கள். அத்தானின் பிழைப்பே அந்த வண்டிதான். விடிகாலையில் சந்தையில் காய்கறி ஏற்றி மூன்று மாணவர் விடுதிகளுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். விடுதிக்காரர்கள் நல்லவர்கள், மூன்று நாள் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் வண்டி வராவிட்டால் வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவோம் என்றும் அதே நல்ல குரலில் சொன்னார்கள். வேறு போக்கிடம் இல்லாமல், வெள்ளிக்கிழமை பிக்கப் கயிற்றில் இழுபட்டுப் பாப்பாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை அவளும் அத்தானும் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். அதே மாடலுக்குப் பொருந்துகிற கியர்பாக்ஸ் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் எண்ணெயில் விரலை விட்டு முகர்ந்தாள். கருகிய வாடை இல்லை. அடித்தட்டைக் கழற்றி உள்ளே இருந்த காந்தத்தைத் துடைத்துப் பார்த்தாள். மாவு மாதிரி கொஞ்சம் இரும்புத் தூள், அவ்வளவுதான். உடைந்த துண்டு ஒன்றும் இல்லை.

"இது ஓடும் அத்தான்."

"வேற நாலு பேரைக் கேட்டுட்டு எடுக்கலாமே பாப்பா?"

"நாலு பேரைக் கேட்டுட்டுத்தானே இங்க வந்திருக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பாக்ஸ் கீழே இறங்கியது. பத்து மணிக்குப் புதியதை ஏற்றத் தயாராக வைத்திருந்தாள். புதியது என்பது ஒரு மரியாதைக்குத்தான். இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பாக்ஸின் முன்பக்கத்தில் கன்வெர்ட்டர் என்று பூசணிக்காய் மாதிரி ஒன்று உட்காரும். அதைச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் 'டொக், டொக், டொக்' என்று மூன்று தடவை உள்ளே இறங்கும். மூன்றாவது டொக் வரைக்கும் இறங்கியிருந்தால், பாக்ஸ் கைத்தள்ளலிலேயே போய் எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும். இறங்காமல் இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால், உள்ளே இருக்கிற பம்ப் நொறுங்கிவிடும். அப்புறம் அந்த பாக்ஸ் எடைக்குத்தான்.

மூன்று டொக்கும் கேட்டுத்தான் ஏற்றினாள். ஆனால் ஜாக்கியில் தூக்கும்போது பாக்ஸ் ஒரு தடவை மூக்குக் குப்புறச் சாய்ந்தது. எஞ்சினுக்கு அருகில் போனதும், ஒரு விரல் இடைவெளி விட்டு முரண்டு பிடித்து நின்றுவிட்டது. கன்வெர்ட்டர் முன்னால் நழுவிவிட்டது என்று அவளுக்கு உடனே புரிந்தது. பிடிமானத்துக்கு இரண்டு போல்ட்டைக் கையால் மட்டும் திருகி வைத்தாள். சட்டைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பாக்ஸின் மேல் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். நகத்தில் பூசியதே இல்லை. அந்தப் பாட்டில் போல்ட்டுகளுக்கு மட்டும்தான். கோடு இருந்தால், இதில் வேறு கை படக்கூடாது என்று அர்த்தம்.

"ஒரு விரல்தானே பாப்பா, போல்ட்டை இழுத்து முறுக்கினா ஒட்டிக்காதா?" என்றார் அத்தான்.

"முறுக்கினா பம்ப் உடையும். சாப்பிட்டு வந்து இறக்கிட்டு மறுபடி ஏத்தறேன்."

"இன்னொரு தடவை இறக்கணுமா! நாளைக்குக் காலைல வண்டி வேணும்மா!"

"பதறாத காரியம் சிதறாது அத்தான்."

அக்கா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். "அப்புறம் வர்றேன், பசியில்ல" என்று அத்தான் வண்டியருகிலேயே நின்றுகொண்டார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

பாப்பா சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தாள். இடதுபக்கப் போல்ட்டில் கோடு முறிந்திருந்தது. தலையில் இருந்த பாதி சுவரைப் பார்க்கிறது, பாக்ஸில் இருந்த பாதி தெருவைப் பார்க்கிறது. இடைவெளி அந்தப் பக்கம் குறைந்திருந்தது. அத்தானோ, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, சுவர்க் காலண்டரில் போன மாதத்துத் தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு, கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கித் தெருவில் எறிந்திருக்கலாம். அத்தனை வருஷமும் வாயை மூடியிருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. கோபம் அப்புறம், முதலில் பம்ப் என்று விழுங்கிக்கொண்டாள்.

"அத்தான், எத்தனை சுத்து?"

"எது பாப்பா?"

"போல்ட்டு."

அவர் காலண்டரை விட்டு மெதுவாகத் திரும்பினார். "ரெண்டு... ரெண்டரை. கடைசி அரைச் சுத்து இறுக்கமா வந்துச்சு. பயந்து விட்டுட்டேன்."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. ஜாக்கியைப் பிடிங்க."

பாக்ஸ் மறுபடி கீழே வந்தது. கன்வெர்ட்டரை உருவி எடுத்து, பம்ப்புக்குள் டார்ச் அடித்தாள். விளிம்பில் பொடி எறும்பு நீளத்துக்கு ஒரு கீறல். விரலால் தடவினால் தட்டுப்படவில்லை. இன்னொரு அரைச் சுற்று முறுக்கியிருந்தால் மூன்று விடுதியும் போயிருக்கும்.

"பொழச்சது" என்றாள். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாப்பா, நான் ஒரு முட்டாள்."

"அதை அக்காகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவா. இப்ப எழுந்து வந்து இதைச் சுத்துங்க."

அவர் கையாலேயே கன்வெர்ட்டரைச் சுற்ற வைத்தாள். முதல் டொக். இரண்டாவது டொக். மூன்றாவதுக்குக் கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டியது. பிறகு கனமாக இறங்கியபோது, கைக்குக் கீழே அதை உணர்ந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை அது நழுவாமல் இருக்க ஒரு பட்டையைக் குறுக்கே கட்டி ஏற்றி, கடைசியில் பட்டையை எடுத்துவிட்டாள். பாக்ஸ் கைத்தள்ளலிலேயே போய் ஒட்டிக்கொண்டது. இடையில் காகிதம்கூட நுழையாது. போல்ட்டுகளை முறுக்கி முடித்தபின் நகப்பூச்சை அவர் கையில் கொடுத்துக் கோடு போடச் சொன்னாள். பழக்கமில்லாத கையில் கோடுகள் கோணல்மாணலாக வந்தன. சாயங்காலம் நாலரைக்கு பிக்கப் பின்னால் போனது, முன்னால் போனது, பட்டறைத் தெருவை மூன்று தடவை சுற்றி வந்தது. திங்கட்கிழமை காலையில் காய்கறி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அத்தான் அதற்கப்புறமும் வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு டிரைவர் தன் பிக்கப்பை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். சந்தையில் அத்தானுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவராம்.

"அவர்தான் அனுப்பினாரு. 'நேரா போ, என் மெக்கானிக் இருக்காங்க. ஆனா ஒண்ணு, சிவப்புக் கோட்டு மேல மட்டும் கையை வெச்சுடாதே'ன்னாரு."

அவள் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"'இருக்கா'ன்னாரா, 'இருக்காங்க'ன்னாரா?"

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இருக்காங்கன்னுதான் சொன்னாரு. ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன். வண்டியை உள்ள தள்ளுங்க."

வண்டி உள்ளே வந்து நின்றதோ இல்லையோ, டார்ச்சைக்கூட எடுக்காமல் அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மெக்கானிக் அழுவதையும் சிரிப்பதையும் வந்தவர் பார்க்க வேண்டாம் என்றுதான்.