சிட்டிபாபு ஏணி ஏறமாட்டார்

ஒயரின் நுனியைக் கடைவாய்ப் பல்லில் கடித்து, விரலால் ஓர் இழுப்பு. சிவப்புத் தோல் கழன்று செம்புக் கம்பி வெளியே வரும். தோலைத் துப்பிவிட்டு, கம்பி இழைகளைக் கட்டைவிரலால் உருட்டி முறுக்குவார் சிட்டிபாபு. "பல்லு போயிடும்பா, கட்டிங் பிளேயர் எதுக்கு இருக்குது?" என்று கேட்டால், "அதுக்கு வேற வேலை இருக்குது சிஸ்டரம்மா" என்பார். அந்த வேறு வேலையை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிள்ளையார்பாளையத்தில் மைக்செட்டும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடும் கடை அவருடையது. செவ்வாய்க்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து எதுவும் நடக்காது. அன்று கடையைப் பூட்டிவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சோலார் மாட்டித் தருகிறார். பேனலும் பேட்டரியும் சென்னையில் ஓர் அறக்கட்டளை கொடுப்பது. உழைப்பு சிட்டிபாபுவுடையது, அதற்கு அவர் எதுவும் வாங்குவதில்லை. இந்த 2008இல் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. தறி ஓடும் தெருக்களில் எல்லோரும் சிட்டிபாபுவைத்தான் தேடுகிறார்கள்.

பேட்டரிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. "மாப்ளைய வெறுந்தரையில உக்கார வெக்காதீங்க, பலகை போடுங்க. டிஸ்டில்டு வாட்டர்தான் குடிப்பாரு. கொழாத் தண்ணி ஊத்தினா கோச்சிக்கினு பூடுவாரு." இப்படி அரைமணி நேரம் பாடம் நடக்கும். பேனலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. காரணம், பேனல் மேலே இருக்கிறது. சிட்டிபாபு ஏணி ஏறமாட்டார்.

முன்பொரு திருவிழாவில் விளக்குக் கம்பத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். நான் அப்போது அரசு மருத்துவமனையில் நர்ஸ். மாவுக்கட்டுப் போடும்போது அவரை அமுக்கிப் பிடித்தவள் நான்தான். எலும்பு சேர்ந்துவிட்டது. ஏணியோடு மட்டும் இன்னும் ராசியாகவில்லை. பேனலை மேலே ஏற்றுவது வீட்டுக்காரர் பாடு. இவர் கீழே அண்ணாந்து நின்று, "தெக்கால பாத்து சாய்ச்சி வைம்மா... இன்னும் கொஞ்சம்... தோ, அவ்ளோதான்" என்பார்.

பட்டுத்தறி நெய்யும் அம்சா வீட்டிலும் அப்படித்தான், பேனலோடு ஏணி ஏறியவள் அவள்தான். அவள் கணவன் கந்தன் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறான். முதுகில் படுக்கைப்புண். ஓய்வு பெற்ற பிறகும் நான் தினமும் போய்க் கழுவிக் கட்டுகிறேன். வியர்வையில் ஊறினால் அந்தப் புண் ஆறாது. கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். தறியில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து வந்து விசிறிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சிட்டிபாபுவிடம் சொல்லி, ஒரு விளக்குக்கும் சின்ன ஃபேனுக்கும் ஏற்பாடு செய்தேன்.

வேலை முடிந்ததும் யார் தன்னை அதிகம் திட்டினார்களோ அவர்கள்தான் முதலில் ஸ்விட்சைப் போட வேண்டும் என்பது சிட்டிபாபுவின் சட்டம். சுவரில் ஓட்டை போட்ட சத்தத்துக்குக் குழறிய நாக்கால் திட்டித் தீர்த்த கந்தனே, இடது கையால் போட்டான். ஃபேன் ஓடியது. அந்த வாரம் புண் நன்றாகவே வற்றத் தொடங்கியது.

வெயில் கடுமையானதும் கதை மாறியது. கரண்ட் போன கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் சோர்ந்து நின்றது. போட்ட கட்டு நனைந்து நழுவியது. புண் மறுபடி சிவந்தது. சிட்டிபாபு கடையை மூடிவிட்டு மாலைகளில் வந்து பார்த்தார். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார், ஒயரை மாற்றினார், கடைசியில் மாப்பிள்ளையையே மாற்றினார். பலனில்லை.

"மேல போய்ப் பாத்தியாப்பா?" என்றேன்.

"மேல என்னா இருக்குது சிஸ்டரம்மா, வெறும் கண்ணாடி. அது பாட்டுக்கு வெயில்ல காஞ்சிக்கினு இருக்குது."

தறியிலிருந்து அம்சா குரல் கொடுத்தாள். "அதெல்லாம் காய வுடறதில்லணா. பத்திரமா பாத்துக்கினு இருக்கேன். வெயில் ஏறுனா மூடிடுவேன், தாழ்ந்தப்புறம்தான் எடுப்பேன்."

சிட்டிபாபுவின் பல்லில் ஒயர் அப்படியே நின்றது. "எதாலமா மூடுவ?"

"இவரு வேட்டியால. நாலா மடிச்சி."

சாயம் தோய்த்த பட்டு நூலை இங்கே நிழலில்தான் உலர்த்துவார்கள். உச்சி வெயில் பட்டால் நிறம் போய்விடும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், கருநீலத்தில் பளபளக்கும் ஒரு பொருளை மட்டும் வெயிலில் விட்டுவிடுவாளா?

"அது பட்டு இல்லமா," என்றார் சிட்டிபாபு. "வெயில்தான் அதுக்குச் சோறு. மத்தியானச் சோத்தப் புடுங்கிக்கினு, சாயந்தரம் வேலை செய்யுன்னா எப்டி செய்யும்?"

"வெளுத்துப் போச்சின்னா?"

"வெளுக்காது."

"நீ பாத்தியா? ஏணியே ஏறாத ஆளு, மேல என்னா ஆவும்னு சொன்னா எப்டிணா நம்பறது? மேல வந்து உச்சி வெயில்ல உக்காந்து சொல்லு, வேட்டிய எடுத்துடறேன்."

கட்டிலில் கந்தன் சிரித்தான். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனாலும் சத்தமாகவே சிரித்தது. சிட்டிபாபு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை கந்தனுக்குப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கம் மூங்கில் ஏணி முனகியது. "கெட்டியா புடிம்மா" என்று ஒரு குரல். "புடிச்சிக்கினுதான் இருக்கேன், நீ மொதல்ல கண்ணத் தொறணா" என்று இன்னொன்று. கட்டை முடித்துவிட்டு வெளியே போனேன். சிட்டிபாபு மேலே போய்ச் சேர்ந்திருந்தார். மொட்டைமாடியில் தவழ்ந்து போய், பேனலின் சட்டத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியது. அம்சா வழக்கம்போல வேட்டியோடு ஏணியின் மேல்படிக்கு வந்து நின்றாள்.

"ஏணிய மட்டும் எடுத்துடாதம்மா," என்றார். "சாயந்தரம் வரைக்கும் இங்கதான். அது மொதல்ல வெளுக்குதா, நான் மொதல்ல வெளுக்கறனான்னு பாத்துடலாம்."

கை நீட்டி வேட்டியை வாங்கினார். பேனலின் மேலிருந்த தூசியை ஓரம் வரைக்கும் துடைத்தார். உதறினார். பிறகு அதைத் தன் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார்.