ஒரே நாளில் வந்த பல்வலி

ஒரே கதையைப் பலர் வாயால் கேட்டு, எங்கே எது மாறுகிறது என்று பார்ப்பதே வாய்மொழி ஆய்வாளன் வேலை. இதில் சிக்கிய அன்பர்களுக்கு விருந்துக்குப் போனாலும் நிம்மதி கிடையாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பார் கவிழ்ந்த வரலாறு

ஜெர்சி சிட்டியில் எங்கள் பொங்கல் விழாவில் சாம்பார்ப் பாத்திரம் கவிழ்ந்தது. எப்படி என்று ஒவ்வொருவராக விசாரித்தேன். மேசைக்கால் ஆடியது என்றார் ஒருவர். குழந்தை இடித்தது என்றார் இன்னொருவர். அது சாம்பாரே அல்ல, ரசம் என்றார் மூன்றாமவர். மெய்யாகவே கண்டவர்கள் இப்படித்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள் என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்க, பரிமாறிக்கொண்டிருந்த சாந்தி சொன்னார்: "ரிசர்ச் அப்புறம் பண்ணலாம் அங்கிள், முதல்ல அந்த மாப்பை எடுத்துக் குடுங்க."

காவலர்களின் பற்கள்

வங்கியில் கணினி வேலை பார்க்கும் சாந்தி, சனிக்கிழமைகளில் ஹெல்கா என்ற ஜெர்மன் மூதாட்டியின் சிறு ஆவணக்கூடத்துக்கு வருவார். போருக்குப் பின் நாஜிக் குற்றங்களை விசாரித்த ஜெர்மன் நீதிமன்றங்களின் ஒலிநாடாப் பிரதிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவது சாந்தி. சாட்சியங்களை ஒப்பிடுவது, ஜெர்மனியில் தமிழ் கற்பித்தபோது ஜெர்மன் மொழியைப் பிடித்துக்கொண்ட நான்.

ஹெல்காவின் ஊர்க் காவலர்கள் பேசிய நாடாக்கள் வந்தன. ஊர் யூதர்களை ரயிலேற்றிய அன்று எங்கே இருந்தீர் என்று நீதிபதி கேட்கிறார். "பல்வலி. வீட்டில் படுத்திருந்தேன்," என்கிறார் முதல் காவலர், ஒரு செருமலுக்குப் பின், "இடப்பக்கம், மேல்வரிசை." அடுத்தவருக்கும் அதே வலி, அதே செருமல், அதே இடப்பக்கம். அதற்கடுத்தவர் தொடங்குமுன்னே நீதிபதி பெருமூச்சு விடுவது கேட்கிறது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை என்றால் முன்பே கூடிப் பேசி வைத்தது என்று விளக்கினேன். சாந்தி ஹெட்போனைக் கழற்றினார்: "பல் டாக்டரை விசாரிச்சிருக்கணும் அங்கிள். அன்னிக்கு ஊர்ல அவர் ஒருத்தர்தான் டியூட்டி பார்த்திருப்பார்."

மிஞ்சிய நாடா

கடைசி நாடாவில் பேசுபவர் ஹெல்காவின் தந்தை. அவரும் அவ்வூர்க் காவலர். அன்று வேறு ஊருக்குப் பணி நிமித்தம் போயிருந்ததாக அவர் வீட்டில் சொன்னதை நம்பியே ஹெல்கா வாழ்ந்தார். நாடாவை ஒருமுறையும் கேட்டதில்லை. வரும் மாதக் கண்காட்சியில் அதை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, முதலில் அந்த நாடாவை என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

கேட்டேன். பல்வலி, செருமல், இடப்பக்கம், மேல்வரிசை. "மாறுபாடுகள் குறைவாகத் தென்படுகின்றன," என்று நான் கட்டுரைத் தமிழை ஜெர்மனில் பெயர்த்துக்கொண்டிருக்கையில், ஹெல்கா ஹெட்போனை வாங்கித் தாமே மாட்டிக்கொண்டார். முடிந்தபின் நெடுநேரம் நாடாப்பெட்டியைத் துடைத்தார்.

"எண்பது வயதிலும் அப்பா வால்நட்டைப் பல்லால்தான் உடைப்பார்," என்றார். பிறகு சாந்தியிடம்: "இதையும் மற்றவற்றோடு வை. பெயரை மறைக்காதே."

பாடபேதம் தேடியே வயிறு வளர்த்த நான், அந்த நாடாவில் மட்டும் ஒரு சொல்லாவது மாறியிருக்கக் கூடாதா என்று ஹெல்காவுக்காக ஏங்கியதை, ஆய்வறிக்கையின் எந்த அடிக்குறிப்பில் சேர்ப்பது என்றுதான் இன்னும் விளங்கவில்லை.