தேர்தலுக்கு மறுநாள் வந்த அன்ரி

தொண்ணூறுகளில், மாகாணத் தேர்தலில் ஆட்சி மாறிய மறுநாள் காலை, கருக்கலைப்புக்காக டொராண்டோவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். வாசலில் கருக்கலைப்பை எதிர்த்துப் பதாகைகளோடு நின்றவர்கள் கத்தினார்கள். எனக்கு மொழிபெயர்க்க வந்த தமிழ் அன்ரிக்கு நெற்றியில் பெரிய பொட்டு, அழுது சிவந்த கண்கள். என்னைச் சுவர்ப் பக்கம் விட்டு, தான் அவர்கள் பக்கமாக நடந்தார். எவரைக் கூட்டிப்போனாலும் அப்படித்தானாம்.

"அன்ரி, புது அரசாங்கம் இனி இந்தக் கிளினிக்கைப் பூட்டிப்போடுமோ?"

"தெரியாது பிள்ளை. ரிவியில தேர்தல் முடிவைப் பார்த்திட்டு அந்தப் பயத்திலதான் அழுதனான். இண்டைக்குத் திறந்துதானே கிடக்கு. நீர் நடவும்."

ஒரு பதாகையின் கட்டை அவர் தோளில் இடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே என்னை இருத்தினார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. பஸ் தரிப்பில் பயந்துபோய் நின்ற இன்னொருத்தியைக் கூட்டிவர மறுபடி வெளியே போனார். அந்த வாசலை ஒருமுறை தாண்டுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அன்றைக்கு அவர் எத்தனை தரம் தாண்டினாரோ.