பத்தடிக்குள் ஒரு பிராகாரம்

ஜம்புநாதனுக்கும் அடக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. பென்சிலைக் கையில் எடுத்தால் மனுஷன் ராஜா. “உலகத்துலயே பெரிய ஏமாளி யாருன்னா நம்ம கண்ணுதான்” என்று வீட்டுக்கு வந்தவரிடமெல்லாம் அளப்பார். அளந்ததோடு நில்லாமல் நிரூபித்தும் காட்டுவார், அதுதான் சங்கடம்.

வங்காளத்தில், தளத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் அவர் குடியிருந்த மாடி வீட்டில், முன்னறையின் ஒரு சுவரில் ஜன்னலே கிடையாது. புழுங்குகிறது என்று மனைவி வசுமதி புலம்பிக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுவரிலேயே ஒரு ஜன்னலை வரைந்துவிட்டார். பாதி திறந்த பச்சைக் கதவு, கம்பி, கம்பியின் நிழல், அப்பால் ஆறு, ஆற்றில் ஒரு படகு. எல்லாம் சரி, காற்றுதான் வரவில்லை என்றாள் வசுமதி. அந்தக் கோடையில் ஒரு நாள் சாயங்காலம் புயல்மழை பிடித்துக்கொண்டது. ரசப்பொடி வாங்கிப் போக வந்திருந்த கீழ் வீட்டு ரேபாதி, “ஐயோ, சாரல் அடிக்குமே” என்று ஓடிப்போய் அந்த ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினாள். விரல் நான்கும் சுவரில் இடித்தன. ஜம்புநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. ரேபாதி பள்ளிக்கூட டீச்சர், வேறு எதை மறந்தாலும் சிரிப்பை மறக்க மாட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், துர்கா பூஜைக்கு முன் நடந்த சந்துக் கூட்டத்தில் ரேபாதி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பெரிய ரோட்டு கிளப் அரண்மனை போலப் பந்தல் போடுகிறது, ஊரே அங்கேதான் போகிறது. நம் சந்து முட்டுச்சந்து. கடைசியில் கிடங்குச் சுவர், அதற்கு முன்னால் பத்தடி நீளத்துக்குத்தான் இடம். நாம் மட்டுமே பார்க்க ஒரு பூஜை எதற்கு, இந்த வருஷத்திலிருந்து அவர்களோடு சேர்ந்துவிடலாம் என்றாள். தாத்தன் காலத்துப் பூஜை. ஆனாலும் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

ஜம்புநாதனுக்கு வந்தது. “அந்தப் பத்தடியை எங்கிட்ட விடுங்க. நூறடி பிராகாரம் காட்டறேன்” என்று எழுந்து நின்று வங்காள மொழியில் சொன்னார்.

ரேபாதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி ஜம்புதா” என்று அண்ணன் முறை வைத்தே சொன்னாள். “ கூட்டம் வரலைன்னா இதுதான் கடைசிப் பூஜை. பழி உங்க தலையிலதான்.”

ஆபீஸ் விட்டு வந்ததும் மூங்கிலும் பிளைவுட்டும் துணியுமாக வேலை நடந்தது. இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். முதல் தூண் ஒன்றரை ஆள் உயரம்; போகப் போகக் குறைந்து கடைசித் தூண் தோள் உயரம்தான். தரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார், கூரையைத் தாழ்த்தினார், பல்புகளைச் சிறிசாக்கினார். சந்து திரும்புகிற அடிபம்புப் பக்கம் நின்று பார்த்தால்தான் கண் ஏமாறும். குறுகிய சந்து, எல்லோரும் அந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும்! குறை என்று ஊர் சொன்னதையே பிடித்துக்கொண்டார் மனுஷன். கடைசியில் வைப்பதற்கென்று அம்மனையும் சின்னதாகவே செய்யச் சொல்லியிருந்தார்.

மகாளய அமாவாசையன்று விளக்கைப் போட்டார்கள். அடிபம்பருகே நின்று சந்து ஜனம் பார்த்தது. கிடங்குச் சுவரைக் காணோம். தூணுக்குப் பின் தூணாகப் பிராகாரம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஜம்புநாதன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் புரோகிதர் வந்தார். கலசம் வைக்கும் இடத்தைப் பார்க்க உள்ளே நடந்தார். நடக்க நடக்க மனுஷன் வளர்ந்தார். கடைசித் தூணருகே போனபோது கூரைத் துணியைத் தலையால் முட்டிக்கொண்டு பூதம்போல நின்றார். பிராகாரம் பொம்மை வீடாகிவிட்டது. சந்தே கொல்லென்று சிரித்தது.

ரேபாதி மட்டும் சிரிக்கவில்லை. அஷ்டமியன்று அம்மன் காலில் போடக் கைநிறையப் பூவோடு நாங்கள் எங்கே நிற்பது, கடைசி நாள் அம்மனுக்கு இனிப்பு ஊட்டிக் குங்குமம் பூச நாங்கள் அங்கே தவழ்ந்தா போவது என்று கேட்டாள். ஜம்புநாதன் மீசையிலிருந்து கையை எடுத்தார். எத்தனை வருஷமாக இந்தப் பூஜையைப் பார்க்கிறார்! கை ஆயிரம் வங்காளப் பந்தலை வரையலாம், மனசுக்குள் இருந்தது தமிழ்நாட்டுக் கருவறை. சாமி கடைசியில் இருப்பார், நாம் தூரத்தில் நின்று எக்கி எக்கிப் பார்ப்போம். அந்தக் கணக்கில் போட்ட பிராகாரம் இது.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சந்தின் பூஜையையே என் வாய் தின்றுவிட்டதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வசுமதி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“நம்ம பக்கம் சாமியப் பாக்க நாம போறோம். இங்க பூஜைன்னா அம்மன்தானே புருஷன் வீட்டுலேர்ந்து பொறந்த வீட்டுக்கு வர்றா? கடைசியில எதுக்கு உக்காத்தி வைக்கிறீங்க? வாசலுக்கு வந்தாச்சுன்னு முன்னாடி நிறுத்துங்க.”

ஜம்புநாதன் அவளையே பார்த்தார். பிறகு தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாளே பிராகாரத்தின் வாசலில், முதல் தூண்களுக்கு முன்னால், உயரமான மேடை எழுந்தது. சின்ன அம்மன் அதன்மேல் நின்றாள். சின்னவளாக இருந்ததும் நல்லதாயிற்று, அவளைச் சுற்றிப் பிராகாரம் முழுசாகத் தெரிந்தது. உள்ளே யாரும் போக வேண்டிய வேலையே இல்லை. நான் முதலிலேயே யோசித்ததுதான் என்று ஜம்புநாதன் கமிட்டியிடம் சொல்லிக்கொண்டதை வசுமதி கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

சப்தமியன்று சந்தில் எள் விழ இடமில்லை. தூரத்துப் பாலிகஞ்சிலிருந்தெல்லாம் ஜனம் வந்தது. பெரிய ரோட்டு கிளப்காரர்களே அடிபம்பருகே வரிசையில் நின்றார்கள். அடுத்த வருஷம் என்ன என்று சந்துக் கமிட்டிச் செயலாளர் ஜம்புநாதன் தோளில் கைபோட்டுக் கேட்டார்.

கடைசி நாள் பெண்கள் மேடையருகே கூடினார்கள். ரேபாதியின் முறை வந்தது. அம்மன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பின்னால் இருப்பது பத்தடி பிளைவுட் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் கிடங்குச் சுவரையும் பத்தடியையும் கூட்டத்தில் சொன்னவளே அவள்தானே. குங்குமம் வைத்தாள், இனிப்பை உதட்டில் தொட்டு வைத்தாள். அப்புறம் அந்த நீண்ட பிராகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து, முந்தானையால் அம்மனின் பாதத்தைத் துடைத்தாள்.

“இவ்வளவு தூரமும் நடந்தேவா வந்தே, கண்ணு?”

பக்கத்தில் நின்றிருந்த ஜம்புநாதனுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்து, அவர் போட்ட தூண்கள் அவருக்கே தெரியவில்லை.